ஓட்டுப் போடுற ஸ்கூல்

போன செவ்வாய்க்கிழமை காலை. லேக் மார்க்கெட்டில் என் மாவுக்கடை வாசலில் குடையும் நோட்டுமாக வந்து நின்றார் போர்தி.

போர்தி என்றால் வங்காளத்தில் பெரியக்கா. எங்கள் தெருவில் உள்ள சர்க்கார் பெண்கள் ஹைஸ்கூலின் தலைமை ஆசிரியை. எழுபது வயதான நானும் அவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவருக்கு நான் 'தாதா', அதாவது அண்ணன். கல்கத்தா வழக்கம்!

"தாதா, ஒன்பதாம் கிளாஸுக்கு ஒரு பொண்ணு குறையுது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார். ஆள் சேரலேன்னா கிளாஸை மூடிட்டு, இருக்கிற பொண்ணுங்களை வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க. கூட வாங்களேன். நீங்க சொன்னா கேட்பாங்க."

நான் சொன்னால் கேட்பார்கள் என்பது உண்மைதான். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான். ஒரே ஒரு கிரைண்டரோடு இந்த ஊரில் கடை போட்டவன் நான். இன்று லேக் மார்க்கெட்டில் ஒன்று, கரியாஹாட்டில் ஒன்று. அந்த ஸ்கூலில் ஐந்து சீலிங் ஃபேன் என் உபயம். இறக்கையில் என் பெயர் எழுதியிருக்கும். ஃபேன் ஓடாதபோது படிக்கலாம்.

பரிசளிப்பு விழாவுக்கு வருஷா வருஷம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மைக்கைப் பிடித்தால் நான் சொல்வது ஒன்றே ஒன்று – "நான் படிச்சது ஆறாம் கிளாஸ். இன்னைக்கு பி.ஏ. படிச்சவர் என் கடையில வேலை பார்க்கிறார்!" கைதட்டல் அடங்க நேரமாகும்.

சரி, கிளம்பினோம். முதலில் ஒரு ஃப்ளாட். மூன்றாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதீர்கள். கதவைத் திறந்த அம்மாளிடம் போர்தி ஸ்கூல் பெயரைச் சொன்னார். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. "ஓ... அந்த ஓட்டுப் போடுற ஸ்கூலா?"

இறங்கும்போது போர்தி நோட்டில் அந்த வீட்டை அடித்தார்.

யோசித்துப் பாருங்கள். ஓட்டுப் போட அந்த ஸ்கூல் வேண்டும். தேர்தலுக்கு வரும் ஜவான்கள் படுக்க அது வேண்டும். பூஜைக்கு கிச்சடி கிண்டவும், ரத்ததான முகாம் நடத்தவும் வேண்டும். மழைக்குத் தெரு மூழ்கினால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதும் அங்கேதான். எல்லாவற்றுக்கும் வேண்டும்... பிள்ளையைச் சேர்க்க மட்டும் வேண்டாம்.

என் பேத்தி எங்கே படிக்கிறாள் என்கிறீர்களா? தினம் காலையில் மஞ்சள் பஸ் வருகிறது. இங்கிலீஷ் மீடியம். மேலே கேட்காதீர்கள்.

அடுத்தது ஷிப்ராவின் வீடு. கரியாஹாட் நடைபாதையில் ஜாக்கெட் துணி விற்கிறவள். மகள் மௌ. இதே ஸ்கூலில் எட்டாவது முடித்துவிட்டு நின்றுவிட்டாள். இனி அம்மாவோடு கடையில் உட்காரப் போகிறாளாம்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "படிப்புதாம்மா பெரிசு..."

ஷிப்ரா துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. "யாரு சொல்றது! தாதா, நீங்க எத்தனாம் கிளாஸ்?"

"ஆறு."

"மௌ எட்டு. உங்களைவிட ரெண்டு கிளாஸ் கூட! நீங்க ரெண்டு கடை வச்சீங்க. இவ மூணு வைப்பா, பாருங்க."

மௌ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதோடு விட்டாளா? எழுந்து நின்று, என் குரலிலேயே, கையை ஆட்டி – "நான் படிச்சது ஆறாம் கிளாஸ்!" ஒரு எழுத்துப் பிசகவில்லை. வருஷா வருஷம் கேட்டிருக்கிறாளே!

போர்தி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. களைப்பாகப் பார்த்தார். வீடு வீடாக ஏறி இறங்கி அவர் சேர்க்கிறார். நான் வருஷம் ஒருமுறை மைக்கில் கலைக்கிறேன். அப்போதுதான் உறைத்தது.

அங்கே கிடந்த ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

முப்பது வருஷம் முன்பு என் மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். "என்ன செய்யணும்னு அதிலேயே எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு கவுன்ட்டர்க்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். படித்துச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்போதே என்னிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். நான் முதலாளி இல்லையா? மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டில், "ரிப்போர்ட் இன்னும் வரலை" என்றேன்.

நான்கு நாள். வேறு சட்டை மாற்றினால் அந்தப் பைக்கு மாற்றுவேன்.

ஐந்தாம் நாள் மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உடனே அட்மிட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கு. இது எப்ப கொடுத்தது?"

"இன்னைக்கு" என்றேன்.

பிழைத்துக்கொண்டாள். அது அவள் அதிர்ஷ்டம். என் திறமை அதில் எதுவும் இல்லை.

ஷிப்ராவின் கை நின்றுவிட்டது. மௌவும் சிரிக்கவில்லை. ஷிப்ராதான் கேட்டாள். "இதை ஏன் மைக்கில சொல்றதில்லை?"



"சனிக்கிழமை விழா இருக்குல்ல? நான் வர்றேன். இவளையும் கூட்டிட்டு வர்றேன். அங்கே சொல்லுங்க தாதா. கேட்டுட்டு, அங்கேயே ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன்."

போர்தி ஃபாரத்தை எடுத்து அவள் துணி மூட்டை மேல் வைத்தார். திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "சொல்வீங்களா தாதா?"

சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை வருஷ மேடையில் என் பேச்சை நம்பி ஒரு வேலை நடக்கப்போவது இதுதான் முதல் தடவை. இன்னும் ஐந்து ஃபேன் வாங்கிக் கொடுப்பதென்றாலும் எனக்கு இதைவிடச் சுலபம். மூன்று நாளாகக் கடையில் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாதியைத் தாண்டியதில்லை. அதனால்தான் முதலில் உங்களிடம் சொல்லிப் பார்த்தேன். தைரியமாகச் சொல்லலாம் – பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை என் மனைவி படிப்பதில்லை. "வீட்டிலதான் நாள் பூரா கேட்கிறேனே" என்பாள்.

ஆனால் விழாவுக்கு வருவாள். முன்வரிசையில், நடு நாற்காலி. அவளுக்கும் இது புதுச் செய்திதான்.