கழற்றிப் பார்க்கும் அண்ணன்

"கட்... கட்... கட்..."

பின்னறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த படகுக்காரியின் கத்தி நழுவியது. சாவியைத் திருப்பினால் மோட்டார் உறும வேண்டாமா? பல்லி மாதிரி உச்சுக்கொட்டுகிறது!

கணவன் கண்ணை மூடிய பிறகு, அவன் விட்டுப்போன படகைத் தானே ஓட்டி, விடிகாலையில் நர்ஸுகளை அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்கிறவள் அவள். ஊர் சிரித்தபோதுகூடக் கலங்காதவளை இந்த மோட்டார் கலங்கடித்துவிட்டது. இன்று காலையும் துறையில் கிளம்ப மறுத்து மானத்தை வாங்கியது. "நாளைக்கும் இப்படின்னா நாங்க வேற படகு பாத்துக்கறோம்க்கா" என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாள்.

பின்னறையில், தண்ணீர் டிரம்முக்குள் காலை விட்டு நின்றது, படகிலிருந்து கழற்றி வந்த மோட்டார். எதிரே மெக்கானிக். சட்டைப்பையில் கரண்டு அளக்கும் மீட்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அதனால் பெயரே 'மீட்டர்'.

"பாட்டரி புதுசு, ஒயர் சுத்தம், பியூஸும் போகல. சார்ஜ் ஏறாம, இருந்த கரண்டும் தீர்ந்துபோச்சு. மறுபடியும் அந்தச் சார்ஜ் ஏத்தற ரெக்டிபயர்தான்க்கா கருகியிருக்கு. போன மாசம்தானே மாட்டினேன்? எங்கதான் போகுது?"

"என்னைக் கேட்டா? நான் என்ன உப்புப் போட்டு வறுத்தா திங்கறேன்?"

புலம்பிக்கொண்டே வேறு ரெக்டிபயரை மாட்டி, தன் பாட்டரியை வைத்துக் கிளப்பினான். கையிலிருந்த மீட்டரில் நம்பர் பதினாலு வோல்ட்டைத் தொட்டது; சார்ஜ் ஏறுகிறது. அவள் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்றாள்.

அப்போதுதான் அவள் அண்ணன் நுழைந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

"சார்ஜ் ஏறுதா? நம்பரை எல்லாம் நம்பாதே. நகரு, நான் சொல்றேன்."

ஓடும் மோட்டாரின் பாட்டரி ஒயரில் ஸ்பானரை வைத்தார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்றான் மீட்டர்.

"ஓடும்போதே பாட்டரியைக் கழட்டணும். நிக்காம ஓடினா சார்ஜ் சரின்னு அர்த்தம். என் பழைய லாரியில இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் நீ போனதும் நான்தானே வந்து பாக்கறேன்!"

மீட்டர் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ அண்ணே! அப்படிக் கழட்டினா கரண்டு போக இடமில்லாம எகிறி, ரெக்டிபயரையே கருக்கிடும்!"

ஸ்பானர் அசைவதற்குள் அவள் பாய்ந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தாயில்லாத உன்னைத் தூக்கி வளர்த்த கைடீ இது. இதையா தடுக்கறே?"

"அந்தக் கையை என் தலையில வை, கும்பிட்டு வாங்கிக்கறேன். என் மோட்டார்ல மட்டும் வைக்காதே!"

அண்ணன் கையை எடுத்தார். ஸ்பானரைத் தரையில் வைத்தார்.

"அப்போ... துறையில நீ தலைகுனிஞ்சு நின்னதெல்லாம் என்னாலதானா?"

அவள் மோட்டாரை நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பினாள். ஒரே உறுமல்!

மீட்டர் தன் பாட்டரியை இரவலாக விட்டு விடைபெற்ற பின்பும் அண்ணன் வாசலில் தயங்கினார்.

"காலையில படகைத் தள்ளிவிட வரட்டுமா?"

"வா. வெறுங்கையோட வா."

அவர் இடுப்பில் செருகியிருந்த இன்னொரு ஸ்பானரை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார்.

அவள் கதவைச் சாத்தினாள்.