இன்னும் ஒன்றரை மணி நேரம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் கிண்டல் பண்ணியே ஓடவிடுகிற ஆள் நான். செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஏறுகிற வெள்ளைக்காரர்கள் மலையைப் பார்த்துக் கண்ணை மூடி 'வைப்ரேஷன், வைப்ரேஷன்' என்றால், "அது என் வண்டி இன்ஜின் சார்" என்பேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபம் வராது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

போன தை மாதம் அப்பா படுத்துவிட்டார். நாளை மதியம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லண்டனில் நர்ஸாக இருக்கும் செல்வி அக்கா, கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டாள். அப்பாவுக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

"எவ்ளோ தூரம்டா?"

"எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர்ப்பா. நம்ம மலைய அறுநூறு தடவ சுத்தற மாதிரி."

"ஐயோ, புள்ளைக்குக் காலு வலிக்குமே."

"அது பிளேன்ல கால நீட்டிக்கினு தூங்குதுப்பா."

ஒன்பதாவதோடு நின்ற மூளை ஒரு கணக்குப் போட்டது. ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பும், பத்து மணி நேரம், காலை ஏழுக்குச் சென்னை, கார் பிடித்தால் பதினொன்றுக்கு வீடு. அப்படியே அப்பாவிடம் சொல்லியும் விட்டேன். அவர் விடிந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஏழானது, ஒன்பதானது, அக்கா போன் ஸ்விட்ச் ஆஃப், பதினொன்றும் ஆகிவிட்டது. "வரமாட்டாடா" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மூச்சு விட்டுவிட்டு வந்தது.

அப்போது அப்பாவின் பட்டன் போன் அடித்தது. எடுத்தால், ஒரே காற்று இரைச்சல், அதற்குள் அக்கா குரல்.

"டேய் எரும, அந்த ஊரு ஒம்பது மணின்னா நம்ம ஊருக்கு விடிகாலை ரெண்டரைடா. இன்னும் ஒன்றரை மணி நேரம் பறக்கணும். அப்பாகிட்ட குடு."

போனை அவர் காதில் வைத்தேன். கேட்டார், தலையாட்டினார், ஏதோ முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் மோர் குடுடா" என்றார்.

நம்பினால் நம்புங்கள், பன்னிரண்டரைக்கு விமானம் இறங்கியது. சாயங்காலம் அக்கா ஓடிவந்து கட்டிலில் விழுந்தாள். அப்பா அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். மறுநாள் காலையில் அவள் மடியிலேயே போனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன்.

"பிளேன்லேர்ந்து எப்படிக்கா போன் பண்ண?"

"நானா? என் போன் பையில ஆஃப்ல கெடந்துச்சுடா."

அப்பாவின் போனை நோண்டிப் பார்த்தோம். அந்த நேரத்தில் ஓர் அழைப்பும் வந்திருக்கவில்லை.

அப்பா முணுமுணுத்ததை மட்டும் நான் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. "சரிடி, அவ வர்ற வரைக்கும் இருக்கேன்" என்றார்.

அவர் 'டி' போட்டுப் பேசியது இந்த உலகத்தில் ஒருத்தியிடம்தான். அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. அக்காவுக்கு அப்படியே அம்மா குரல். போளூரைத் தாண்டி பஸ் ஏறாத மனுஷி, லண்டன் மணி அவளுக்கு எப்படித் தெரிந்தது?