அப்பாவுக்குச் சுடவில்லை

எங்கள் வீட்டில் அம்மனோடு நேரடிப் பேச்சுவார்த்தை வைத்திருந்தவள் அத்தை, அப்பாவின் அக்கா. பல வருஷமாகியும் அப்பாவின் சர்க்கரை வியாதி குறையாததால், ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குவதாக அவளே நேர்ந்துவிட்டாள். தீக்கங்கின் மேல் நடக்க வேண்டியது மட்டும் அப்பா. மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு மேளம் அடிக்கமாட்டார்களே.

எண்பதுகளில் ஒரு பங்குனி. நான் ஐந்தாம் வகுப்பு. ராஜபாளையத்திலிருந்து குடும்பத்தோடு பஸ் ஏறினோம். துணைக்குக் குழி இறங்க, அம்மாவின் தம்பியான மாமாவும் மஞ்சள் வேட்டி கட்டியிருந்தார். முதலில் இறங்கிய மாமா, "யம்மா, யம்மா" என்று அலறிக்கொண்டு ஓடி அக்கரையில் போய் விழுந்தார். கூட்டம் சிரித்தது. அப்பாவோ மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவரைப் போல நிதானமாக நடந்து வந்தார்.

"சூடே தெரியலக்கா" என்றார்.

"எந்தம்பிக்கு ஆத்தா எம்புட்டு அருள் குடுத்திருக்கா பாருங்க!" என்று அத்தை அங்கேயே விழுந்து கும்பிட்டாள். ஊர் திரும்பியதும் எங்கப்பாவை நெருப்பே சுடாது என்று வகுப்பு முழுக்க அளந்தேன். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் அவரைப் போலவே அலறி, நொண்டிக் காட்டுவேன். பாவம், அவரும் சிரிப்பார்.

அப்பாவின் பாதத்தில் வந்த கொப்புளம் ஆடி பிறந்தும் ஆறவில்லை. டாக்டர் காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். அப்பாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டது, மதுரைக்குப் போய் இருதயத்தையும் பார்த்துவிடுங்கள் என்றார்.

"ஆத்தா குடுத்த அருள நோயிங்காரு. இவரெல்லாம் ஒரு டாக்டரு!" என்றாள் அத்தை. அப்பாவுக்கும் அதைக் கேட்கத்தான் பிடித்திருந்தது. மதுரைக்குப் போகவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மில்லிலிருந்து பாதியிலேயே வந்துவிட்டார். மழை இல்லை; ஆனால் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"நெஞ்சு வலிக்கா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று அம்மா பதறினாள்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. செத்த நேரம் படுத்தாச் சரியாயிரும்."

வலி இல்லையென்றால் வாயுதான் என்று அத்தை தீர்ப்புச் சொல்லி, சோடா வாங்கி வரச் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். "நெசமா வலிக்கலையாப்பா?" என்று கேட்டேன். "இல்ல தாயி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது உயிர் இல்லை. அதே டாக்டர்தான் அம்மாவிடம் சொன்னார்: "சக்கர வியாதி இருதயத்துக்குப் போற ரத்தக் குழாயோட உள்சுவரக் கெடுத்திருக்கும்மா. அதுல வருஷக்கணக்கா கொழுப்பு படிஞ்சு குறுகி, இப்ப ரத்தம் உறைஞ்சு அடைச்சிருச்சு. கால்ல சூடு தெரியாத மாதிரிதான் நெஞ்சுலயும் வலி தெரியல. வலிச்சிருந்தா அப்பவே கூட்டிட்டு வந்திருப்பீங்க."

ஆத்தா கூப்பிட்டுக்கொண்டாள் என்று அத்தை ஒப்பாரி வைத்தாள். அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாமா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். இந்த மாமாவுக்கு மட்டும் எல்லாமே வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு யாருக்கும் தெரியாமல் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று, அப்பாவைப் போலவே எனக்கும் எதுவும் வலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.