வண்டூர் ஏற்றமும் இரண்டு கேன் தண்ணீரும்

அந்தமானில் வடக்கே இருக்கும் ரங்கத் என்ற ஊருக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் ரங்கத்தைப் பார்த்ததில்லை. மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை. பஸ்ஸில் ஜன்னலோரம் அவர்களுக்கு. வாந்தி எடுப்பவருக்குப் பை பிடிப்பது எனக்கு. அவர்கள் கடலில் குளிக்கும்போது செருப்புக்கும் செல்போனுக்கும் காவல் நான். ஹேவ்லாக் தீவிலும் இதே கதைதான். கல்யாணமாகிப் போர்ட்பிளேருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தத் தீவுகளில் நான் நன்றாகப் பார்த்தது மற்றவர்களுடைய பைகளைத்தான்.

அதனால்தான் எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ரங்கத் பேச்சு வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கப்பலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் ரங்கத்தில் இறங்குவது, அங்கிருந்து கடலோரமாகவும் மலை மேலாகவும் மாயாபந்தர் வரை மிதிப்பது, மழை பிடிப்பதற்குள் திரும்பிவிடுவது. இதுதான் திட்டம். சுற்றிக்காட்ட யாரும் கிடையாது. நிற்கத் தோன்றிய இடத்தில் நான் நிற்கலாம்.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை, மூன்றே பேர். துறைமுகப் பட்டறையில் வேலை செய்யும் தெலுங்குக்காரர் ஒருவர். இங்கேயே பிறந்தவர். நான் அவரை இந்தியில் சகோதரன் என்ற பொருளில் பையா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இரண்டாவது, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் வங்காளி அம்மாள். அவரை நாங்கள் அக்கா என்ற பொருளில் தீதி என்போம். தீதி ஒல்லி, எதிர்க்காற்று அடித்தால்கூட அது அவர் பக்கம்தான் பேசும். மூன்றாவது நான். வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். ஒல்லி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

என் சைக்கிள் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போவார்கள். யார் அதையெல்லாம் திரும்பக் கப்பலில் ஏற்றுவது? அப்படி ஓர் அதிகாரி வீட்டுக்கு மிக்ஸி பார்க்கப் போன இடத்தில், வராந்தாவில் கியர் வைத்த சைக்கிள் ஒன்று நின்றது. பள்ளிக்கூட நாளில் ஓட்டியதுதான். சும்மா ஏறிப் பார்த்தேன். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்த என் வீட்டுக்காரர், மிக்ஸியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் சட்னி அம்மியில்தான்.

ரங்கத் பயணத்துக்குப் பையா ஒரு விதி போட்டார். வண்டூர் கடற்கரையிலிருந்து போர்ட்பிளேருக்குத் திரும்பும் வழியில், வயல்வெளி முடிந்ததும் காட்டுக்குள் ஓர் ஏற்றம் இருக்கிறது. இரண்டு வளைவு. அதைக் கால் ஊன்றாமல் ஏறுகிறவர்தான் ரங்கத் வரலாம். அவர் சொன்ன நியாயமும் சரியானதுதான். அந்தப் பக்கம் மலை அதிகம், பஸ் குறைவு, பின்னால் வேன் எதுவும் வராது, அவரவர் மூட்டையை அவரவர் சுமக்க வேண்டும். தீதி முதல் தடவையே ஏறிவிட்டார். நான் ஒரு தடவை முதல் வளைவிலேயே காலை ஊன்றினேன். அடுத்த தடவை இரண்டாவது வளைவில், உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.

அன்றைக்குப் பையா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, புரா மத் மானோ, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பஸ்ல ரங்கத் வந்துருங்க. எங்க பேக் எல்லாம் பஸ்ல போட்டுடறோம், நீங்க பாத்துக்கிட்டா போதும். ஆராமா, அலுங்காம வரலாம்.”

ஆராமாக வர வேண்டுமாம். பை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும், அன்றைக்கு உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. அவர் நல்ல மனுஷர், அதுதான் இன்னும் எரிச்சல்.

“வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு வாட்டி ஏர்றேன். அதுக்கப்புறம் பேசுங்க” என்றேன்.

“அதுதான் லாஸ்ட் அக்கா. அன்னிக்குக் கப்பல்ல எத்தனை சைக்கிள்னு நான் சொல்லியாகணும்.”

அந்த வாரம் முழுவதும் மோட்டார் வைக்காத என் தையல் மிஷினை யார் மேலோ இருக்கும் கோபத்தில் மிதிப்பதுபோல் மிதித்தேன். வாடிக்கைக்காரர்களுக்குச் சொன்ன நாளுக்கு முன்பே பிளவுஸ் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வினை என்னவென்றால், எங்கள் தெருவுக்கு அன்றைக்குத்தான் தண்ணீர். போர்ட்பிளேரில் கோடை வந்துவிட்டால் கல்யாணம், சினிமா, பிள்ளைப்பேறு எல்லாமே தண்ணீர் விடும் நாளைக் கேட்டுத்தான் நடக்கும். அன்றைக்கு வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அடுத்த முறை குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் திண்டாட்டம்தான். குழாயில் எந்தக் குடத்தை முதலில் வைப்பது, எந்தத் தொட்டியைக் கடைசியில் நிரப்புவது என்று என் வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்தேன்.

“நான் என்ன சின்னப் பிள்ளையா? போயிட்டு வாடி. ஏறிட்டு வா” என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காக அவரை எல்லாவற்றுக்கும் மன்னிக்கலாம் என்று தோன்றியது. வீட்டுக்குத் திரும்பியதும் மனசை மாற்றிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

எங்கள் பக்கம் சூரியனுக்கு அவசரம் அதிகம். மெயின்லேண்டில் பால்காரர் வரும் நேரத்தில் இங்கே நல்ல வெயில் விழுந்துவிடும். அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகள் வந்தன. அறுத்து முடித்த வயல்களில் மாடுகள் படுத்திருந்தன. ஒவ்வொரு மேட்டின் மேலும் காற்று ஒரு குளிர் குளிர்ந்தது. இறக்கத்தில் கையை எடுத்துவிட்டால் சைக்கிளே பாடும்போல இருந்தது. எனக்குப் பாட வராது, ஆனாலும் பாடினேன். தீதி முன்னால் போய்விட்டார், அதனால் அவர் தப்பித்தார். ஒரு திருப்பத்தில் மரங்களுக்கு நடுவே திடீரென்று கடல் நின்றது. இத்தனை வருடமாக அந்த இடத்தைக் கார் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, “அதோ பாருங்க, அதோ” என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நானே பார்த்தேன். நெஞ்சு நிறைந்துபோனது.

வண்டூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“தண்ணி வரலடி. லைன்ல ஏதோ ரிப்பேராம். டேங்க்ல கையளவுதான் இருக்கு” என்றார் என் வீட்டுக்காரர், குழாயை அவரே உடைத்துவிட்டவர்போல.

“இருங்க, நான் கொண்டாறேன்” என்றேன்.

கோடையில் நாங்கள் யாரும் ஊரைவிட்டு வெளியே காலி கேன் இல்லாமல் போவதில்லை. அது எங்கள் பழக்கம். சாமி கும்பிடப் போனாலும் ஒரு கேன், சாவு வீட்டுக்குப் போனாலும் ஒரு கேன். என் சைக்கிளில் கேரியருக்கு இரண்டு பக்கமும் சமையல் எண்ணெய் வந்த பெரிய பிளாஸ்டிக் கேன்கள் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில் அந்த ஏற்றத்தின் அடியில், மலையிலிருந்து வரும் நாலாவுக்கு ஊர்க்காரர்கள் குழாய் போட்டிருக்கிறார்கள். கோடையிலும் வற்றாத ஓடை. பையாவும் தீதியும் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக் குடித்தார்கள். நான் இறங்கினேன், கேன்களை அவிழ்த்தேன், கழுவினேன், கழுத்து வரை நிரப்பினேன், மூடியை இறுக்கினேன், இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினேன். அப்போதுதான் பையா என் சைக்கிளையும் ஏற்றத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்தேன்.

ஐயோ என்று தோன்றியது. வெறும் சைக்கிளிலேயே ஏற முடியாத மேட்டில், கடைசி வாய்ப்பில், இரண்டு கேன் தண்ணீரோடு நிற்கிறேன். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரியும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டாள். தண்ணீரைக் கண்டதும் என் கை என்னைக் கேட்காமலே கேனைத் திறந்துவிட்டது.

“கீழ ஊத்திருங்க அக்கா” என்றார் பையா. சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோடைக்காலத்தில் ஒரு தீவுக்காரர் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது.

நான் மூடியில் கை வைத்தேன். திருகினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை அசைந்தால்தானே?

“ஏக் முஜே தே தோ, ஒண்ணு எனக்குக் குடு” என்றார் தீதி. தங்கமான மனசு. ஆனால் அவர் தூக்கிக்கொண்டு நான் ஏறினால், அது ஏறியதாகுமா? மாயாபந்தர் போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

“ரங்கத்துல அவங்கவங்க மூட்டைய அவங்கவங்கதானே தூக்கணும்? நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. நான் வர்றேன்.”

அவர்கள் போனார்கள். தலைகுப்புற விழுந்தாலும் பார்க்க ஆள் இல்லை என்று ஒரு நிம்மதி. ஏறி உட்கார்ந்து மிதித்தேன்.

முதல் வளைவு வரை ஒன்றும் தெரியவில்லை, கோபமே தள்ளிக்கொண்டு போனது. வளைவைத் தாண்டியதும் கோபம் தீர்ந்துவிட்டது, கால்தான் மிச்சம். கேன்களில் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடியது; நான் வலது பக்கம் போனால் அது இடது பக்கம் போயிற்று. தொடை பற்றி எரிந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. அதைத் துடைக்க ஒரு கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். “ஏறு கழுதை, ஏறு, நின்னா உன்னைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன், ஏறு” என்று சைக்கிளைத் திட்டிக்கொண்டே மிதித்தேன்.

அந்த நேரம் பார்த்து வாடகைக் கார் ஒன்று பின்னால் வந்து, என் பக்கத்திலேயே ஊர்ந்தது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒரு குடும்பம், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக.

“அட, தமிழா நீங்க?” என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், திருவிழாவில் தொலைந்த தங்கையைக் கண்டதுபோல. “ஏங்க, போர்ட்பிளேர்ல நல்ல இட்லி எங்கங்க கிடைக்கும்? டிரைவர் சொல்றத நம்ப முடியல.”

இரண்டாவது வளைவு. சரியாக நான் போன தடவை தோற்ற இடம். என் உடம்பு பழக்கத்தில் நிற்கப் பார்த்தது. இருபது வருடப் பழக்கம். யாராவது வழி கேட்டால் நான் நின்று, கடை பெயர் சொல்லி, எதிரில் என்ன இருக்கிறது என்று சொல்லி, சட்னி எப்படி இருக்கும் என்பது வரை சொல்லித்தான் அனுப்புவேன். இடது கால் பெடலைவிட்டுக் கிளம்பியும்விட்டது.

“இப்ப எதுவும் கேக்காதீங்க! மேல போங்க!” என்று கத்தினேன்.

கார் பயந்துபோய் முன்னால் பாய்ந்தது. என் வாழ்க்கையில் மெயின்லேண்ட் விருந்தாளியை நான் விரட்டியது அதுதான் முதல் தடவை. அந்தக் கத்தல் எனக்கு எவ்வளவு பலம் கொடுத்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கிளம்பிய கால் திரும்பிப் பெடலுக்கே வந்தது. ஒரு மிதி. இன்னொரு மிதி. சைக்கிள் ஏறக்குறைய நின்றேவிட்டது, ஆனால் நிற்கவில்லை. நான் விழுந்திருக்கலாம், விழவில்லை. பிறகு ஹேண்டில் கொஞ்சம் இளகியது. பெடல் தானாக ஒரு சுற்று சுற்றியது. எதிரே மரங்கள் விலகி வானம் தெரிந்தது.

ஏறிவிட்டேன். நான் ஏறிவிட்டேன்! இரண்டு கேன் தண்ணீரோடு!

உச்சியில் தீதி சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தார், கணக்கு டீச்சர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பையா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். “லக்கேஜோட ஏறிட்டீங்க அக்கா, லக்கேஜோட! நானே ஏறியிருக்க மாட்டேன்” என்றார். நான் இறங்கவில்லை. நிழலில் கிடந்த ஒரு பாறைமேல் ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

பையாவின் பாட்டில் காலியாகியிருந்தது. கூச்சத்தோடு என் கேனைப் பார்த்தார். கீழே ஊற்றச் சொன்ன மனுஷர். மூடியைத் திறந்து கொடுத்தேன். “கொஞ்சமா குடிங்க, வீட்ல சமைக்கணும்” என்றேன். தீதி சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவருக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று.

வண்டூரைவிட்டால் வழியில் வேறெங்கும் வராத போன் சிக்னல் அந்த உச்சியில் மட்டும் வரும். கப்பலில் வேலை செய்யும் தன் சிநேகிதரைப் பையா கூப்பிட்டார். ஏற்கெனவே அவரிடம் இரண்டு சைக்கிள் என்று சொல்லிவைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு சண்டை போட்டிருப்பேன்.

“தோ நஹி பாய்” என்றார் பையா, என்னைப் பார்த்துக்கொண்டே. “தீன் சைக்கிள். ஹான், ஹான், தீன்.”

இரண்டு இல்லை, மூன்று. மூன்றாவது என்னுடையது.

“அவருக்கு சரியாக் கேட்டிருக்காது, இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றேன்.

“கேட்டுச்சு அக்கா. எழுதிக்கிட்டார்.”

“சிக்னல் சரியில்ல. சொல்லுங்க.”

பையா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மலையும் கீழே வயலும் அதற்கப்பால் கடலும் கேட்கிற மாதிரி, போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினார்.

“தீன்!”