என் கடைவாய்க்கு நானே வார்த்த கேப்

மேனாம்பேட்டில் ஒரு பல் லேபில் எனக்குப் பதினாலு வருட வேலை. டாக்டர்கள் அனுப்பும் பல் அளவுக்கு ஏற்ப, பல்லை மூடும் மெட்டல் கேப் வார்த்துக் கொடுப்பேன். பொருந்தவில்லை என்று யார் போன் செய்தாலும் என் பதில் ஒன்றுதான்: "நீங்க எடுத்த அளவு சரியில்ல." பாதி நேரம் அது உண்மையும்கூட.

என்னிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் முகப்பேர் டாக்டர். என் கடைவாய்ப் பல் சொத்தையானபோது அவரிடம்தான் போனேன். வேர் சிகிச்சை முடித்து அளவெடுத்தவர், "கேப்பை நீங்களே செஞ்சுக்குங்கம்மா, அப்புறம் என்னைத் திட்ட முடியாது" என்று சிரித்தார்.

மெழுகில் கேப் செய்து, அதைச் சுற்றி அச்சுக் கலவை ஊற்றி, உலையில் வைத்தேன். மெழுகு எரிந்துபோன இடத்தில்தான் உருகிய உலோகம் போய் உட்கார வேண்டும். அச்சு ஆறிவிட்டால், மெல்லிய ஓரத்தை எட்டும் முன்பே உலோகம் உறைந்துவிடும். தூக்கத்தில் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

அச்சை இடுக்கியால் வெளியே எடுத்த நேரம் போன் அடித்தது. அதே டாக்டர். வேறு யாருக்கோ போட்ட கேப் ஆடுகிறதாம். விடுவேனா? "நீங்க எடுத்த அளவுலயே காத்து குமிழி கீது டாக்டர், அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டுத் திரும்பினேன். அச்சின் சிவப்பு மங்கியிருந்தது. மறுபடி உலையில் வைக்கப் பொறுமையில்லை. ஊற்றிவிட்டேன்.

ஒரு பக்க ஓரம் மழுங்கி, மயிரிழை குறைந்து வந்தது. அடுத்தவர் பல்லுக்கென்றால் தூக்கிப் போட்டிருப்பேன். நம் வாய்தானே என்று விட்டேன்.

பொருத்தும்போது டாக்டரின் ஊசிமுனை அங்கே மாட்டியது. "இங்க இடைவெளி இருக்கேம்மா" என்றார்.

"அளவு அப்படி" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான், வாய் கூசவேயில்லை. திரும்ப அளவெடுக்கிறேன் என்றவரை, இதையே ஒட்டச் சொன்னேன்.

போன மாதம் ஈறு வீங்கியது. கேப்பைக் கழற்றினார். அந்த இடைவெளி வழியாக அழுக்கு இறங்கி, உள்ளே பல் கறுத்து மாவாகியிருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. எனக்கு அழுகை வந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால், வலிக்கிறது என்று சாக்குச் சொல்லவும் முடியவில்லை.

பல் இருந்த குழியில் பஞ்சை வைத்துவிட்டு டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "என் அளவாலதான் உங்க பல்லு போச்சு. மன்னிச்சிடுங்கம்மா."

இல்லையென்று தலையாட்டினேன். அவருக்குப் புரியவில்லை. பஞ்சைத் துப்பினேன்.

"அளவு சரியாத்தான் இருந்துச்சு டாக்டர். ஆறிப்போன அச்சுல நான்தான் ஊத்தினேன்."