ஆர்ஜியா திருப்பி வைத்த நாற்காலி

ஆர்ஜியா சனரீனி இத்தாலியில் எங்கள் பொலோன்யா நகரத்தில் உறங்காதோர் கழகத்தின் வாயில் காவல்காரியாக முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தார். கழகத்தின் பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். நாற்பது அறிஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் நன்றாகத் தூங்குவார்கள். நான் அங்கே எழுத்தர்.

ஆர்ஜியாவின் தாய் கிளியோஃபே, ஊருக்குள் ஓடும் கால்வாயில் மண்டியிட்டு அடுத்தவர் துணிகளை வெளுத்தே வாழ்ந்தவர். அந்தக் கால்வாய்களின் வரலாற்றை எழுதியவர் பேராசிரியர் லேலியோ விஜேவானி. எந்த மதகு எந்த மாதம் அடைக்கப்பட்டது, குளிர்காலத்தில் தண்ணீர் எந்த மணிக்குக் குறையும் என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் இல்லை. கிளியோஃபேயின் அடுப்பங்கரையில் ஐந்து ஞாயிறு உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். புத்தகம் வந்தபோது அடிக்குறிப்பில், பாதிரியார்கள், பிரபுக்கள் பெயர்களுக்கு நடுவே, “தகவல்: கிளியோஃபே சனரீனி, சலவைத் தொழிலாளி” என்று இருந்தது. கழகத்தில் சிலர் சிரித்தார்கள். ஆர்ஜியா அந்தப் பக்கத்தில் ஒரு ரிப்பன் வைத்திருந்தார்.

ஐரோப்பாவுக்கே சட்டம் சொல்லிக் கொடுத்த ஊர் எங்களுடையது. பழைய சட்ட ஆசான்களை மண்ணில் புதைக்காமல், தூண்களின் மேல் கல்லறை கட்டி உயரத்தில் வைத்திருக்கிறோம். 1938 ஆகஸ்டில் ரோமிலிருந்து பாசிச அரசு கழகத்துக்கு ஒரு படிவம் அனுப்பியது. நீங்கள் யூத இனத்தவரா, உங்கள் தந்தை யூதரா, தாய் யூதரா என்று கேட்டிருந்தார்கள். இதைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று எங்கள் சட்டப் பேராசிரியர்களில் ஒருவர்கூட எழுதவில்லை. நாற்பது படிவங்களும் கெடு முடியும் முன்பே வந்துவிட்டன. ஒரு மருத்துவர், யாரும் கேட்காமலே, தன் பாட்டி ஞானஸ்நானம் பெற்ற தேதியையும் எழுதியிருந்தார். அவற்றைப் பட்டியலாகத் தட்டச்சு செய்தவன் நான். பிழையில்லாமல் செய்தேன்.

விஜேவானி தன் படிவத்தை வாயிலிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

“மூணு கேள்வி, மூணுக்கும் ஆமான்னு போட்டுட்டேன். பள்ளிக்கூடத்துலகூட எனக்கு இவ்வளவு சுலபமான பரீட்சை வெச்சதில்ல, ஆர்ஜியா.”

“கொஞ்சம் மாத்திப் போட்டிருக்கலாமே, புரொபசர்.”

“வரலாறு எழுதுறவன் பொய் எழுதினா அப்புறம் உங்கம்மா சொன்னதையும் யாரும் நம்ப மாட்டாங்க.”

அக்டோபரில் அவர் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. அடித்தவர் கழகத் தலைவர் தோரெல்லி. ரோமானியச் சட்டத்தில் பெரும்புலமை உள்ளவர், விஜேவானியோடு முப்பது ஆண்டு சேர்ந்து காப்பி குடித்தவர். சிவப்பு மையில், அளவுகோல் வைத்து நேராக அடித்தார்.

கழகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்தால் பட்டியலில் அவர் பெயரை அடிப்பார்கள். அடுத்த கூட்டத்தன்று வாயில் காவலர் அவருடைய நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்து, கூட்டம் தொடங்கும்போது கோலால் மூன்று முறை தரையில் தட்ட வேண்டும். தட்டியதும் எல்லோரும் எழுந்து தலை குனிந்து நிற்பார்கள். காரணம் கேட்கும் பழக்கம் கிடையாது. பலருக்கு அப்போதுதான் தூக்கம் கலையும்.

நவம்பர் கூட்டத்தன்று ஆளும் பாசிசக் கட்சியின் மாவட்டத் தலைவர் அதன் சீருடையான கருஞ்சட்டையோடு முன்வரிசையில் இருந்தார். ஆர்ஜியா மூன்று முறை தட்டினார். முப்பத்தொன்பது அறிஞர்களும் எழுந்தார்கள். எல்லோரும் எழுவதைப் பார்த்து மாவட்டத் தலைவரும் எழுந்தார். ஒரு நிமிடம் முழுக்கத் தலை குனிந்து நின்றார்கள். பிறகு தோரெல்லி மெல்லக் கேட்டார்.

“யாரு செத்தது?”

“எனக்கென்னங்க தெரியும்? பட்டியல்ல பேரு அடிச்சிருந்துது. அடிச்ச பேருக்கு நாற்காலியத் திருப்பணும், அதானே வழக்கம்? என் மாமனார் இந்த வாசல்ல நின்ன காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

“எந்த நாற்காலி?”

“புரொபசர் விஜேவானியோடது.”

என் வாழ்நாளில் அந்த அறையில் நான் கேட்ட மிகச் சிறந்த உரை அதுதான். இரண்டு பேர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்கள். மாவட்டத் தலைவர் முகம் சிவந்தது. அவரையும் சேர்த்து எல்லோரையும் ஒரு யூதருக்கு மரியாதை செய்ய வைத்துவிட்டாள் ஒரு வாயில்காரி. விதியைக் காட்டியே செய்திருந்ததால் தண்டிக்கவும் வழியில்லை.

ஆனால் தோரெல்லி கெட்டிக்காரர். மாவட்டத் தலைவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “சரியாத்தானே செஞ்சிருக்கா? நம்மளப் பொறுத்தவரைக்கும் அவர் செத்தவர்தானே,” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. மரியாதை அந்த ஒரு வாக்கியத்தில் அவமானமாகிவிட்டது. மறுநாள் மாலைக்குள் கழகம் இருக்கும் எங்கள் தெரு முழுக்க அந்த வாக்கியம் மட்டும்தான் நடமாடியது. உயிரோடிருப்பவருக்குக் கழகம் சாவு மரியாதை செய்துவிட்டதாம் என்று காப்பிக் கடைகளில் பேசினார்கள்.

ஆர்ஜியா அன்றிரவே கிளம்பப் பார்த்தார். விஜேவானி வீடு ஏழு நிமிட நடை. ஆர்ஜியாவின் கணவர் ஒத்தாவியோ ரயில்வேயில் பிரேக் பார்ப்பவர். கட்சி உறுப்பினர் அட்டை இல்லாமல் அந்த வேலை இல்லை.

“எங்க கிளம்பிட்ட?”

“புரொபசர்கிட்ட. நான் கேலிக்குப் பண்ணலன்னு சொல்லணும்.”

“அந்த வீட்டு வாசல்காரன் யாரு வரா யாரு போறான்னு எழுதி வெக்கிறவன். உனக்குத் தெரியாதா? இந்த ரூமு கழகத்தோடது, என் வேலை அவங்களோடது. ஒரு நடையில ரெண்டும் போயிடும்.”

“பெரிய மனுஷன், தப்பா நெனச்சுப்பாரு.”

“படிச்சவரு. புரிஞ்சுப்பாரு. அடுத்த வாரம் போ.”

அடுத்த வாரம், குளிர் விடட்டும், ஈஸ்டர் போகட்டும். போகாத ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்தை இன்னும் கடினமாக்கியது. விஜேவானி எங்கள் தெருவில் நடப்பதை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு முறை, 1940 வசந்தத்தில், சந்தை மண்டபத்தின் கீழ் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அவர் தொப்பியை உயர்த்தினார். இரண்டு அடி தள்ளி ஒத்தாவியோவின் மேலாளர் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். ஆர்ஜியா குனிந்து கீரைக்கட்டைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

1943 நவம்பரில் ஜெர்மானியர்கள் வந்து விஜேவானியைக் கூட்டிப் போனார்கள். போலந்தின் கொலை முகாமுக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய அக்கா நொயேமி மலையில் ஒரு குடியானவர் வீட்டில் ஒளிந்திருந்து பிழைத்தார்.

போர் முடிந்து, 1946-இல் கழகம் மறுபடி திறந்தது. தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? தோரெல்லிதான். கட்சிக்கு ஒத்துழைத்தவர்களை விசாரித்த குழு அவரிடம் குற்றம் எதுவும் காணவில்லை. குழுவில் மூன்று பேர் அவரிடம் படித்தவர்கள். விஜேவானி நினைவுக் கூட்டத்தில் அவர் எழுந்து தழுதழுத்த குரலில் சொன்னார்: “அந்த இருண்ட நாளிலும் இக்கழகம் அவருடைய நாற்காலியைத் திருப்பி வைத்தது. கட்சிக்காரர்கள் முன்னிலையிலேயே நாங்கள் எழுந்து நின்றோம்.” அறை கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் தட்டியதால் என் கையும் தட்டியது. அந்தக் கைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆர்ஜியா கதவருகே கோலோடு நின்றார்.

மறுநாள் அவர் நொயேமியின் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். தனியாகப் படியேறப் பயம்.

“நேத்து சொன்னது பொய்யிங்க,” என்றார். “நாற்காலியத் திருப்பினது நான். கேலிக்கு இல்ல. அவருக்காக அவங்கள நிக்க வெக்கணும்னு பண்ணேன்.”

“தெரியுமே,” என்றார் நொயேமி. “அன்னிக்கே என் தம்பிக்குத் தெரியும். அந்த நாப்பது பேர்ல நாற்காலியத் தூக்குற தைரியம் யாருக்கு இருக்கு, ஆர்ஜியா வேலைதான்னு விழுந்து விழுந்து சிரிச்சான். அந்த மாசம் அதுக்கப்புறம் அவன் சிரிக்கல.”

ஆர்ஜியாவின் முகம் மலர்வதை ஒரு கணம் பார்த்தேன்.

“நீங்க வந்து கதைய முழுசா சொல்வீங்கன்னு இருந்தான்,” நொயேமி தொடர்ந்தார். “யாரு முகம் எப்படிப் போச்சுன்னு கேக்கணும்னான். ஞாயித்துக்கிழமை மூணு கோப்பை வெக்கச் சொல்வான்.”

“எத்தனை ஞாயிறு?”

“கிறிஸ்துமஸ் வரைக்கும். அப்புறம் ரெண்டு போதும்னுட்டான். வேற யாரும் வரல, பாருங்க. நாப்பது வருஷ சிநேகிதங்க யாரும் வரல. அவங்கள அவன் எதிர்பார்க்கவே இல்ல.”

கீழே தெருவுக்கு வந்ததும், தோரெல்லியின் பொய்யைப் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்றேன்.

“எழுதாதீங்க,” என்றார் ஆர்ஜியா.

“அந்தாளு உங்க தைரியத்தத் திருடிட்டாரு. சும்மா விடச் சொல்றீங்களா?”

“திருப்பினத எழுதினா, ஏழு நிமிஷம் நடக்காததையும் எழுதணும். கீரைக்கட்டையும் எழுதணும். அத நான் உயிரோட இருக்கறப்ப படிக்க முடியாது. செத்தப்புறம் ரெண்டையும் சேர்த்தே எழுதுங்க. ஒண்ண மட்டும் எழுதுனா நீங்களும் தோரெல்லிதான்.”

போன மார்ச்சில், அறுபத்தாறு வயதில், ஆர்ஜியா மார்ச்சளியில் இறந்தார். கழகம் நாற்பத்தைந்து வார்த்தையில் இரங்கல் அச்சிட்டது. நேர்மையான பணியாளர் என்றது. அதைத் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதினேன்.