வாயசைத்த குற்றம்

இந்த ஊரில் ஒருவரும் வாயை அசைத்து வாசிப்பதில்லை. வின்னிபெக்கில் நான் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பக்கத்தில் இருப்பவர் தடித்த புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருப்பார். பக்கங்கள் புரளும், உதடு மட்டும் ஒட்டினபடியே இருக்கும். நான் அப்படியில்லை. கடையில் கோதுமை மாப் பையின் பின்பக்கத்தை வாசித்தாலும், பஸ் தரிப்பில் ஒட்டியிருக்கும் அறிவித்தலை வாசித்தாலும் என் உதடுகள் தன்பாட்டுக்கு அசையும். வந்த புதிதில் ஒருநாள் பஸ்ஸுக்குள் இருந்த பல் வைத்தியரின் விளம்பரத்தை இப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். முன்னால் இருந்த பெண் தன் மகளை மெல்ல இழுத்து மற்றப் பக்கத்தில் இருத்தினாள். பிறகு என்னைப் பார்த்து மிகவும் கனிவாக, "உங்களுக்கு ஒன்றுமில்லையே? யாரையாவது கூப்பிட வேண்டுமா?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "யாரும் தேவையில்லை, நான் வேலைக்குப் போகிறேன்" என்றேன். இறங்கி நடக்கும்போதுதான் அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கிறாள் என்பது உறைத்தது. அன்று அதை நினைத்துச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை, ஏனென்று சொல்கிறேன்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், நாவற்குடாவில் வளர்ந்தவள். பொழுதுபட்டால் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பு என்பது றோட்டில் போகிறவருக்கே தெரியும். ஒரு வீட்டில் வாய்ப்பாடு, அடுத்த வீட்டில் சமயம், அதற்கடுத்த வீட்டில் விஞ்ஞானம். எல்லோரும் சத்தம் போட்டுத்தான் படித்தோம். சத்தம் கேட்டால் பிள்ளை படிக்கிறது; கேட்காவிட்டால் நித்திரை. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா காலமான பிறகு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து என்னை வளர்த்தார். குசினிக்குள் மாவைக் குழைத்தபடி காதை மட்டும் முன்னறைக்கு அனுப்பியிருப்பார். நான் கொஞ்சம் நிறுத்தினால் போதும், குரல் வரும். எங்கள் பக்கத்தில் மகளையும் மனே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மனே, சத்தத்தக் காணல்ல?"

"படிக்கிறன்மா. மனசுக்குள்ள."

"மனசுக்குள்ள படிச்சா எனக்கு எப்பிடித் தெரியும்? வாய விட்டுப் படிகா."

ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாத அம்மா என் ஆங்கிலப் படிப்புக்குக் காவல் இருந்தது இப்படித்தான். ரியூசன் கொட்டிலிலும் அதே கதை. படிப்பிக்கும் சேர் ஒரு வசனத்தைச் சொல்ல, தகரக் கூரையில் மழை கொட்டினாலும் அதற்கு மேலாகக் கத்தி நாங்கள் திருப்பிச் சொல்வோம். சத்தத்தை நிறுத்து என்று அம்மா சொன்ன நாட்களும் இருந்தன. ஒழுங்கை முனையில் ஆமி வாகனம் வந்து நின்றால், நாய்கள் ஒரேயடியாகக் குரைத்தால், குசினியிலிருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்துவார். கையில் மா ஒட்டியிருக்கும். வாகனம் போன பிறகு கையை எடுத்து, "இப்ப படி" என்பார். வாயை ஏன் மூட வேண்டும் என்பது அப்போது எனக்கு நன்றாகவே விளங்கியது.

இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது. வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் யாருக்காவது மூச்சு மாறினால் நான் செய்யக்கூடியது தாதியைக் கூப்பிடுவது மட்டும்தான். அதற்குமேல் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. தாதியர் கல்லூரிக்குப் போவதென்று முடிவெடுத்தேன். ஊரில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள்தான், அந்தச் சான்றிதழை இங்கே புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் எழுதும் நுழைவுப் பரீட்சையை எழுது என்றார்கள். கணிதம், விஞ்ஞானம், வாசிப்பு, கடைசியாக ஆங்கில இலக்கணம். செப்டெம்பரில் இடம் வேண்டுமென்றால் கோடை தொடங்குமுன் புள்ளி கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். எனக்கு வயது முப்பத்தெட்டு. அள்ளி எறிவதற்கு என்னிடம் வருடங்கள் இல்லை.

இலக்கணக் கேள்வி என்பது இதுதான்: ஒரு வசனம், அதில் ஒரு பகுதிக்குக் கீழே கோடு, நான்கு விடைகள். பயிற்சிப் புத்தகம் தந்த முதல் அறிவுரை, வசனத்தை மனதுக்குள் வாசித்துப் பார், காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைத் தெரிவு செய் என்பது. யாருடைய காதுக்கு? என் காதுக்கு நான்கும் சரியாகத்தான் பட்டன. பிறந்ததிலிருந்து அந்த மொழியில் ஏச்சு வாங்கி, அந்த மொழியில் கொஞ்சப்பட்டு வளர்ந்தவனுக்குச் சொல்லும் யோசனையை எனக்கும் அதே விலைக்கு விற்றிருக்கிறார்கள். புத்தகத்தைத் தூக்கி மேசைக்கு அடியில் போட்டுவிட்டு இரண்டு நாள் அதன் பக்கம் போகவில்லை. பிறகு என் வழியைப் பிடித்தேன். கொட்டிலில் படித்த விதிகளை ஒவ்வொன்றாக மீட்டெடுத்தேன். மீன் வெட்டுகிற மாதிரித்தான். நடுவில் திணித்திருக்கும் சோடனைகளைச் செட்டை செதிலாகக் கழித்துவிட்டால் எழுவாயும் வினையும் மிஞ்சும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். மிஞ்சியதை வாய்விட்டுச் சொல்வேன், விதியையும் கூடவே சொல்வேன். என் கணவர் ராஜன் களஞ்சிய வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி, "இஞ்ச ஆரு பூசை பண்ணுறது?" என்று பகிடி பண்ணுவார். பண்ணட்டும். தொடக்கத்தில் பாதிக்கு மேல் பிழைவிட்டவள், பனி கரையத் தொடங்கியபோது அநேகமாகப் பிழையே விடவில்லை.

வேலைத்தலத்தில் ஷெரில் என்றொரு வெள்ளைக்காரி, இங்கேயே பிறந்தவள், நல்ல மனுசி. ஒரு மதிய இடைவேளையில் என் புத்தகத்தை இழுத்துப் பார்த்து, சாண்ட்விச்சைக் கடித்தபடியே விரலால் தொட்டுத் தொட்டு விடை சொன்னாள். பெரும்பாலும் சரி. "அது ஏன் சரி?" என்று கேட்டேன். "ஏனா? அப்படித்தானே கேட்கிறது, ஹனி" என்றாள். நான் மாதக்கணக்கில் முக்கி முனகிப் பிடித்ததை அவள் வாயில் பாணோடு செய்து முடித்தாள். கோபம் அவள்மேல் இல்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் அவள்மேலும் கோபம் வந்தது. பேச்சு ஒரு பக்கம், விதி ஒரு பக்கம் போகிற கேள்விகளில் மட்டும் அவள் பிழைவிட்டாள். அங்கே நான் சரி. அதைக் காட்டியபோது, "அப்படி யார்தான் பேசுகிறார்கள்?" என்று தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு அது பொழுதுபோக்கு, எனக்கு அதில்தான் செப்டெம்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். அது வசதி என்று சொல்கிறார்கள். கொம்பியூட்டரின் கமராவுக்கு முன் உட்கார வேண்டும். எங்கோ இருந்து ஒருவர் பார்ப்பார், கூடவே ஒரு மென்பொருளும் பார்க்கும். அறையைச் சுற்றிக் காட்டு என்றார்கள். மேசைக்கு அடியைக் காட்டு, சட்டைக் கையை மடி, தோட்டைக் கழற்று, காதைக் காட்டு. சுவரில் இருந்த களுதாவளைக் கோயில் பிள்ளையார் படத்தையும் திருப்பி வைக்கச் சொன்னார்கள், படத்தின் கீழே ஏதோ எழுதியிருக்கிறதாம். பிள்ளையாரைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். ராஜனை முன்னதாகவே வெளியே அனுப்பியிருந்தேன். கணிதம், விஞ்ஞானம், வாசிப்பு எல்லாம் ஒழுங்காகப் போயின. இலக்கணம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். செட்டையைக் கழி, செதிலைக் கழி, மிஞ்சியதைப் பார். அப்போது திரையின் ஓரத்தில் எழுத்து விழுந்தது: பேச வேண்டாம்.

நான் பேசவில்லை என்று தட்டினேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். அடுத்த கேள்வியில் மறுபடியும் விழுந்தது: பேச வேண்டாம், இது எச்சரிக்கை. அப்போதுதான் என் உதடுகள் அசைந்துகொண்டிருப்பது தெரிந்தது. கையை எடுத்து வாயைப் பொத்தினேன். முகத்தை மறைக்க வேண்டாம் என்று வந்தது. கையை எடுத்தேன். கேள்வியைப் பார்த்தேன். விடை தெரியும், விதி தெரியும், அதைச் சொல்லாமல் எப்படி நினைப்பது என்பதுதான் தெரியவில்லை. உதடு அசைந்திருக்க வேண்டும். திரை வெள்ளையாகி, உங்கள் பரீட்சை நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி மட்டும் நின்றது. முடிக்க இன்னும் சில கேள்விகள்தான் இருந்தன.

முறையீடு செய்தேன். சில நாட்களில் ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தாள். தேன் போன்ற குரல்.

"கேள்விகளை நீங்கள் யாருக்காவது வாசித்துக் காட்டினீர்களா?"

"இல்லை. எனக்கே வாசித்தேன். சின்ன வயதிலிருந்து அம்மாவுக்குக் கேட்கும்படி வாசித்துப் பழக்கம்."

"அப்படியென்றால் உங்கள் அம்மா அறைக்குள் இருந்தாரா?"

"இல்லை. அவர் இலங்கையில் இருக்கிறார்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "அப்போது தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார், அப்படித்தானே?"

"ஐயோ, அவருக்கு ஆங்கிலமே தெரியாது!"

"தெரியாத மொழியில் நீங்கள் அவருக்கு ஏன் வாசிக்க வேண்டும்?"

அதற்கு என்னிடம் விடை இருந்தது. நாவற்குடா ஒழுங்கையை, குசினியை, இடியப்ப மாவை, வாயைப் பொத்திய கையை எல்லாம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் ஆங்கிலம் அந்த நேரத்தில் என் வாய்க்கு வரவில்லை. இலக்கணத்தில் பிழையே விடாதவளுக்குக் கோபத்தில் எழுவாயும் வரவில்லை வினையும் வரவில்லை. "உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது" என்று அவள் சொன்னாள். ஒன்றும் புரிந்திருக்கவில்லை. முடிவு இரண்டே வரி: அந்தப் பரீட்சை செல்லாது. ஒரு தடவை மட்டும் திரும்ப எழுதலாம், இதே முறையில், இதே கமராவுக்கு முன்.

இதைக் கேட்ட எங்கள் ஆட்கள் சொன்னதுதான் இன்னும் எரிச்சல். "வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முடிந்ததே" என்றார்கள். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். சட்டம் என்றால் சட்டம், வெள்ளைக்காரன் நேர்மையானவன், பிழை நம்மில்தான். நான் களவெடுக்கவில்லை. ஒருவரையும் ஏமாற்றவில்லை. நான் கற்ற விதத்தில் நினைத்தேன், அவ்வளவுதான். யோசிக்கும்போது நகம் கடிப்பவனை, தலையைச் சொறிபவனை அந்தக் கமரா ஒன்றும் சொல்லாது. அது அவர்களுக்குப் பழகின யோசனை. என்னுடையது குற்றம். ஊரில் ஆமியின் துவக்குக்குப் பயந்து வாயை மூடினோம். இங்கே துவக்கு இல்லை, மரியாதை இருக்கிறது, "தயவுசெய்து" இருக்கிறது, கடைசியில் என் வாயைத்தான் மூடச் சொல்கிறார்கள்.

மூடினேன். வேறு என்ன செய்வது? வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பயிற்சிக் கேள்விகள் செய்தேன். முதல் நாள் சட்டையெல்லாம் ஈரம். தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் விடை பிழை, விடை சரி என்றால் தண்ணீர் வெளியே. ராஜன் முதல் நாள் மட்டும் சிரித்தார். இரண்டாம் நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடப்பா, வேற வழி பாப்பம்" என்றார். வாயில் தண்ணீர் இருந்ததால் பதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். வாரக்கணக்கில் இப்படியே போனது. மெல்ல மெல்ல உதடு ஓய்ந்தது. விதிகள் சத்தமில்லாமல் வரப் பழகின, முன்னைப்போல வேகமாக வரவில்லை, ஆனால் வந்தன.

திரும்ப எழுதினேன். பிள்ளையார் மறுபடியும் சுவரைப் பார்த்தார். இந்தத் தடவை திரையின் ஓரத்தில் ஒரு எழுத்தும் விழவில்லை. கல்லூரி கேட்ட புள்ளிக்குச் சற்று மேலே வந்தது, இடம் கிடைத்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள், ஷெரில் கேக் வாங்கி வந்தாள். சந்தோசம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் தடவை நான் எழுதிய விடைகளை ஒருவரும் திருத்தவே இல்லை. நான் நன்றாகச் செய்தது அதில்தான். அந்தக் கோபம் கேக்கோடு இறங்கவில்லை, இன்றைக்கும் இறங்கவில்லை.

போன சனிக்கிழமை காலை எலும்புகளைப் பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த சீனிப் பேணியில் சாய்த்து வைத்த போனில் அம்மா. அங்கே பொழுதுபடுகிற நேரம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சும்மா ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஆளாளுக்குத் தங்கள் வேலையைச் செய்வது எங்கள் வழக்கம். கொஞ்ச நேரத்தில் அவர் போனை நெருங்கி உற்றுப் பார்த்தார்.

"மனே, லைன் அறுந்து போச்சா?"

"இல்லம்மா. படிக்கிறன்."

"மறுகா ஏன் சத்தத்தக் காணல்ல?"

கொம்பியூட்டரின் மேல்விளிம்பில் அந்தக் கமரா இருந்தது. அணைத்துத்தான் வைத்திருந்தேன். இருந்தாலும் அதைப் பார்த்தேன். பிறகு வாயைத் திறந்து பாடத்தை முதலிலிருந்து வாசித்தேன். குரல் கரகரத்தது, கொஞ்சத்தில் தெளிந்தது. அம்மா தலையை ஆட்டிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினார். ஒரு பக்கம் முடிந்து அடுத்ததில் பாதி போயிருப்பேன், என் காலுக்குக் கீழே இருந்து டொக் டொக் என்று கேட்டது. எங்கள் மாடிக்குக் கீழே குடியிருப்பவர் என் சத்தம் பொறுக்காமல், கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டைத் தட்டினார்.

"ஆரோ கதவத் தட்டுறாங்க மனே. போய்த் துறந்து பாரு."

"கதவில்லம்மா."

"மறுகா என்ன?"

"ஒண்டுமில்ல. நீங்க கேளுங்க."

கீழே இன்னும் பலமாகத் தட்டினார். நான் குரலை உயர்த்தி அடுத்த எலும்பின் பெயரை வாசித்தேன்.